கழிவுப் பையில் ஒரு சான்று

மூளைக் கட்டி எந்த வகை என்று உறுதிசெய்யப் பெரும்பாலும் மண்டையோட்டைத் துளைத்தே துணுக்கு எடுக்கிறார்கள். அதைக் குருதியில் வாசிக்க முடியுமா?

முதிரும் செங்குருதிக் கலங்கள் வேண்டாத புரதங்களை நுண்பைகளில் கட்டி வெளியேற்றுவதை 1983இல் மொன்றியலில் றோஸ் ஜோன்ஸ்ரன் குழு கண்டது. 'எக்ஸோசோம்' என்ற பெயர் 1987இல் வந்தது. குப்பை என்றே பலர் கருதினர். (எங்கள் தொழிற்சாலையில் கழிவுத் தொட்டியைப் பார்த்தே எந்த இயந்திரம் பழுதென்று சொல்லிவிடுவோம்.) 2008இல் பொஸ்டன் ஆய்வாளர்கள், கொடிய மூளைப் புற்றான கிளியோபிளாஸ்டோமா நோயாளர் 25 பேரின் குருதியில் இத்தகைய பைகளை ஆராய்ந்தனர். 7 பேரில், புற்றில் மட்டும் காணப்படும் திரிந்த பரம்பரையலகொன்றின் ஆர்.என்.ஏ. கிடைத்தது. அத்திரிபு எல்லாக் கட்டிகளிலும் இல்லை. ஆகவே கிடைத்தால் சான்று. கிடைக்காவிட்டால் நோயில்லை என்று பொருளல்ல.

2004இல் ரொறன்ரோவில், மூலக்கல அடையாளமான சிடி133 தாங்கிய 100 புற்றுக்கலங்கள் சுண்டெலி மூளையில் கட்டியை உண்டாக்கின. அடையாளமற்றவை 100,000 இட்டும் உண்டாக்கவில்லை. எனவே மூலக்கலப் பரம்பரையலகுகளின் தடயத்தையும் பைகளில் தேடுகிறார்கள். சிக்கல், சிடி133 ஆரோக்கியமான நரம்பு மூலக்கலங்களிலும் உண்டு.

கதிர்ச் சிகிச்சைக்குப் பின் படத்தில் தெரிவது புற்றா, சிகிச்சையின் விளைவா என்று மருத்துவரே தடுமாறுவதுண்டு. மண்டையை மறுபடி துளைப்பதிலும் குருதி எடுப்பது எளிது. இச்சோதனை முதலில் பயன்படக்கூடிய இடம் அதுவென்றே நினைக்கிறேன்.