பேர் வெட்டின உருளியைத் தேடி... இரணியல் ஆக்கர் கடையில் ஒரு மதியம்!

இரணியலில் இருந்து திங்கள்சந்தைக்குப் போகிற வழியில் ஓர் ஆக்கர் கடை இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம்: மற்ற ஊர்களில் 'பழைய இரும்புக் கடை' என்பார்களே, அதுதான் எங்கள் குமரி மாவட்டத்தில் ஆக்கர் கடை. முன்பக்கம் சைக்கிள் ரிம்களும் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகளும். அதைத் தாண்டித் தகரக் கூரைக்குக் கீழே போனால், இடித்த வீடுகளெல்லாம் குவிந்து கிடக்கும். கதவு, ஜன்னல், நிலைக்கட்டை, அலமாரி, அந்த அலமாரிக்குள் இருந்தவை என்று எல்லாமே.

அம்மாவும் நானும் போனது வேடிக்கை பார்க்க அல்ல. ஆச்சியின் உருளியைத் தேடி.

ஆச்சி இறந்த அடுத்த வருடம் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு கான்கிரீட் வீடு கட்டினோம். அடுக்களையில் இருந்து ஐந்தாறு சாக்கு நிறைய பாத்திரம் வெளியே வந்தது. "இதையெல்லாம் யாரும்மா புளி போட்டுத் தேய்க்கது? குடுத்துரு" என்று சொன்னது நான்தான். அம்மா மறுத்துப் பேசவில்லை. எல்லாம் எடைக்குப் போனது. இப்போது, மூன்று வருடம் கழித்து, ஒருநாள் சக்கப்பழம் வரட்டும்போது அலுமினியச் சட்டியில் அடிப்பிடித்துவிட்டது. "அந்த உருளி இருந்தா..." என்று தொடங்கிய அம்மா, அதற்கு மேல் பேசவில்லை. மறுநாள் மதியம் கிளம்பிவிட்டோம். கிடைக்காது என்று இருவருக்கும் தெரியும்.

கடைக்குள் கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. கோளாம்பி, கிண்டி, வெற்றிலைச் செல்லம், மூடி தொலைந்த ஊறுகாய்ப் பரணிகள், ஒரு கால் போன தேங்காய் துருவும் பலகை, புட்டுக்குழல். பலாப்பலகையில் செய்த பத்தாயம் ஒன்று, நெல்லுக்குப் பதில் பழைய செருப்புகளைச் சுமந்துகொண்டு நின்றது. பாடாத வால்வு ரேடியோ ஒன்றும் இருந்தது. அதன் முன்பக்கக் கண்ணாடியில் ஊர்ப் பெயர்கள். நாகர்கோவில் அதில் இல்லை. இருக்க நியாயமும் இல்லை. எங்கள் கோணத்தில் இருந்து வானொலி ஒலிபரப்பு தொடங்கியது 1984 அக்டோபரில்தான்!

அம்மா எதையும் தொடவில்லை. பாத்திரங்களைக் கவிழ்த்துக் கவிழ்த்து, விளிம்பை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தார். பேர் தேடுகிறார்.

இது என் வயதுக்காரர்கள் பலருக்குத் தெரியாது. கல்யாணச் சீராகப் பாத்திரம் வாங்கினால், கடையிலேயே சின்ன உளியைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பெயர் வெட்டித் தருவார்கள். சட்டி பானையில் வீட்டுப் பெண்ணின் பெயர் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஊரில் விசேஷம் என்றால் எல்லா வீட்டு உருளியும் ஒரே பந்தலுக்குப் போகும். திரும்பி வரும்போது யாருடையது எது என்று தெரிய வேண்டுமே! எங்கள் ஆச்சிக்குப் பட்டா அவள் பெயரில் இல்லை. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் பாட்டா. அவள் பெயர் எழுதியிருந்த சொத்து என்றால் அந்தப் பாத்திரங்கள் மட்டும்தான். அதை நான் எடைக்குப் போடச் சொல்லியிருக்கிறேன்.

எப்படி இவ்வளவும் வீட்டைவிட்டு வெளியே வந்தது? பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும், அதனால் உள்ளே ஈயம் பூச வேண்டும். ஈயம் பூசுபவர் தெருவுக்கு வருவது நின்றது. செம்பும் வெள்ளீயமும் சேர்த்து வார்க்கிற வெண்கல உருளிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால், கனம் அதிகம். கழுவவும் தூக்கவும் ஆள் வேண்டும். எவர்சில்வர் இதையெல்லாம் கேட்கவில்லை. அப்புறம் கேஸ் அடுப்பு, அப்புறம் வளைகுடாவில் இருந்து வந்த பணம். ஓட்டு வீடுகள் இறங்கின, பரணும் சேர்ந்து இறங்கியது. புது வீட்டில் லாஃப்ட் இருக்கிறது, அதில் அட்டைப்பெட்டிகள் இருக்கின்றன. பாத்திரம் தேய்த்த பெண்களுக்கு இது விடுதலைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆச்சியே எவர்சில்வர் குடத்தை ஆசையாகத்தான் வாங்கினாள்.

இங்கிருந்து சில கிலோமீட்டரில் பத்மநாபபுரம் அரண்மனை. 1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும், கேரள அரசுதான் அதைப் பராமரிக்கிறது. ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய ஊட்டுப்புரையும் சீன ஜாடிகளும் அங்கே உண்டு. பள்ளிச் சுற்றுலாவில் வரிசையில் நின்று பார்த்தோம். ராஜாவின் ஊறுகாய்ப் பரணிக்குக் காவலாளி, எங்கள் ஆச்சியின் பரணிக்குத் தராசு! ராஜா வீடாக இருந்தாலே தப்பித்துவிடும் என்றும் சொல்ல முடியாது. எங்கள் ஊர் இரணியல் அரண்மனை கூரை சரிந்து, பல வருடங்கள் புதர் மண்டிக் கிடந்தது. அதன் வசந்த மண்டபத்தில் கட்டில் மட்டும் அப்படியே இருந்தது. அது கல் கட்டில் என்பதால் பிழைத்தது என்று நினைத்துக்கொள்வேன்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனால் கதை வேறு. செட்டிநாட்டு வீடுகளில் இருந்து வந்த எனாமல் கேரியரும் மரச்சிற்பமும் அங்கே 'ஆன்டிக்' என்ற பெயரில் விற்கின்றன. வெளிநாட்டுக்காரர்களும் தேடி வருகிறார்கள். சட்டத்திலும் ஒரு கோடு உண்டு. 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, நூறு வயது தாண்டிய கலைப்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. வியாபாரம் செய்யவும் உரிமம் வேண்டும். ஐம்பது, அறுபது வயது உருளிக்கு அந்தக் கவலை இல்லை. உருக்கினால் யாரும் கேட்கப்போவதில்லை.

"மக்கா, இங்க வா."

அம்மா கையில் ஓர் உருளி. அதே அளவு, அதே மாதிரி வளைந்த விளிம்பு. எனக்கு ஒரு நொடி நெஞ்சு அடித்துக்கொண்டது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தோம். தேய்த்துத் தேய்த்துப் பாதி எழுத்து போயிருந்தது. கடைசியில் '-ம்மை' என்பது மட்டும் தெரிந்தது. ஆச்சியின் பெயர் அப்படி முடியாது.

"இதயே வாங்கிருவோம்மா, நம்ம உருளி மாதிரியேதான இருக்கு" என்றேன். பர்ஸைக்கூடத் திறந்துவிட்டேன்.

"வேற ஒருத்திக்க பேருல்லா மக்கா" என்றார் அம்மா. "அவ பிள்ளய தேடி வந்தா?"

உருளியைப் பழைய இடத்திலேயே கவிழ்த்து வைக்காமல், விளிம்பு தெரியும்படி நிமிர்த்தி, முன்னால் வைத்தார்.

வெறுங்கையோடு வரவில்லை. பூண் போட்ட ஒரு மர நாழி கிடைத்தது, பெயர் இல்லாதது. கல்யாண வீட்டில் விளக்குப் பக்கம் நெல் நிறைத்து வைப்பார்களே, அந்த நாழி. நாலு நாழி ஓர் இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை என்று பஸ்ஸில் வரும்போது அம்மா சொல்லிக்கொண்டே வந்தார். 1960-களில் லிட்டரும் கிலோவும் கட்டாயமான பிறகும், ஆச்சி உலைக்கு நாழியில்தான் அரிசி அளந்தாளாம்.

அன்று ராத்திரி அம்மாவும் குக்கர் டம்ளரை விட்டுவிட்டு நாழியில் அளந்தார். இரண்டு பேருக்குச் சோறு ஏகத்துக்கு மிஞ்சிவிட்டது. காலையில் பழையது குடித்துவிட்டுத்தான் இரணியல் ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன்.