நாயோட போகும்போது கார் நடுவழியில் நின்னுடுச்சா? முதல் 10 நிமிடம் ரொம்ப முக்கியம்!

சென்னையில் இருந்து திருச்சிக்குப் போகும் வழியில், பெரம்பலூர் பக்கம் கார் நின்றுவிட்டால் பலரும் முதலில் பானட்டைத்தான் திறப்பார்கள். பின்சீட்டில் நாய் இருந்தால் அதைத்தான் முதலில் கவனிக்கணும். ஏன்?

ஏசி நின்றுபோன காரில், வெயில் நேரத்தில் 10 நிமிடத்திலேயே சுமார் 10 டிகிரி செல்சியஸ் சூடு ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். பக் மாதிரி தட்டை மூக்கு நாய்களுக்கு அதுவும் சிரமம்.

வண்டியை இடது ஓரம் ஒதுக்கி ஹசார்டு லைட் போடுங்க. கதவைத் திறக்கும் முன்பே நாய்க்குக் கயிறு மாட்டிடுங்க. மிரண்ட நாய் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. அரியலூர் சாலை என்றால் சிமென்ட் லாரிகள் வேறு! தடுப்புக்கு அப்பால், நிழலில் நிறுத்துங்க. தார் மேல் 7 விநாடி புறங்கையை வைக்க முடியலைன்னா, நாயின் பாதமும் வெந்துபோகும்.

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கு அழைக்கலாம், 24 மணி நேரமும் இயங்கும். கூட நாய் இருப்பதை போனிலேயே சொல்லிடுங்க. கட்டி இழுக்கும் காருக்குள் நாயை விட்டுவிடாதீங்க.

நாய் எச்சில் வடிய மூச்சிரைத்து, தள்ளாடினால் ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். ஐஸ் வேண்டாம், சாதாரண தண்ணீரை உடம்பில் ஊற்றி விசிறுங்க. நினைவோடு இருந்தால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்க. மெக்கானிக் வரட்டும் என்று காத்திருக்காமல், வாடகைக் கார் பிடித்தாவது பக்கத்து கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்பிடுங்க.