பொதுப் பாதையும் பொது ஒழுங்கும்

ஒருவருக்கு மட்டும் உரிய வழியைக் காத்தல் எளிது. பலருக்கும் உரிய வழியைக் காத்தல் அரிது. நடப்பவரும் சைக்கிளில் செல்பவரும் சேர்ந்து பயன்படுத்துவதற்கென்றே, மோட்டார் வண்டிகளை விலக்கி, தனிப் பாதைகள் இன்று பல நாடுகளில் அமைந்துள்ளன. அவை எவ்வாறு உருவாயின, எவ்வாறு நிலைத்து வருகின்றன என்பதைக் கூட்டுறவாளராகிய நாம் அறிந்துகொள்ளுதல் நன்று. அவற்றின் வரலாறு ஒரு சங்கத்தின் வரலாற்றைப் பெரிதும் ஒத்திருக்கிறது.

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் பிரிஸ்டல், பாத் என்னும் இரு நகரங்கள் உள்ளன. 1869-ஆம் ஆண்டு முதல் அவற்றை இணைத்திருந்த ஓர் இருப்புப்பாதையில் 1966-இல் பயணிகள் வண்டி நிறுத்தப்பட்டது. சில ஆண்டுகளில் சரக்கு வண்டியும் நின்றுபோய், அந்நிலம் பயனற்றுக் கிடந்தது. 1977-இல் பிரிஸ்டலில் சைக்கிள் அன்பர்கள் சிலர் கூடி, ‘சைக்கிள்பேக்’ என்றொரு குழுவை அமைத்தனர். ஜான் கிரிம்ஷா என்ற பொறியியலாளர் அதன் முன்னோடிகளுள் ஒருவர். 1979-இல் தொண்டர்களின் உழைப்போடு வேலை தொடங்கியது. 1986-இல் 13 மைல் நீளமுள்ள பாதை முழுமை பெற்றது. சுமார் 3 மீட்டர் அகலத்தில் தார் இட்ட அப்பாதையில் இன்று நடப்போரும், சைக்கிளில் செல்வோரும், சக்கர நாற்காலியில் வருவோரும் ஒருங்கே செல்கின்றனர். சைக்கிள்பேக் குழு பின்னர் ‘சஸ்டிரான்ஸ்’ என்ற அறநிலையமாக வளர்ந்தது. நாடு தழுவிய சைக்கிள் பாதை வலையை அமைக்க 1995-இல் அதற்கு லாட்டரி நிதியிலிருந்து 4 கோடியே 35 லட்சம் பவுன் அளிக்கப்பட்டது.

பழைய இருப்புப்பாதையைத் தேர்ந்ததற்குத் தக்க காரணம் உண்டு. இரயில் வண்டி செங்குத்தான மேட்டில் ஏற இயலாது. ஆகவே அதை அமைத்தவர்கள் மேட்டை வெட்டியும், பள்ளத்தை நிரப்பியும், ஆற்றுக்குப் பாலமிட்டும், குன்றைக் குடைந்தும் வழியைச் சமமாக்கினர். மழைநீர் வடியவும் வகை செய்திருந்தனர். முதியவரும் சிறுவரும் களைப்பின்றிச் செல்ல இதனினும் ஏற்ற தளம் கிடைப்பது அரிது. ஆனால் அத்தகைய நிலத்தின் மதிப்பு முழுவதும் அதன் தொடர்ச்சியில் உள்ளது. நடுவே ஒரு துண்டு விற்கப்பட்டுவிட்டால் எஞ்சியது பாதையாகாது. இதனை உணர்ந்தே அமெரிக்கா 1983-இல் தன் சட்டத்தைத் திருத்தி, கைவிடப்படும் இருப்புப்பாதை நிலம் துண்டுபடாமல், இடைக்காலத்தில் பொதுப் பாதையாகப் பயன்பட வழி செய்தது.

நிற்க. பாதை அமைந்த பின்னரே உண்மையான இடர்ப்பாடு தொடங்குகிறது. நடப்பவர் ஒரு மணி நேரத்தில் 3 மைல் செல்வார். சைக்கிளில் செல்பவர் 10 மைலுக்கு மேலும் செல்வார். ஓசையின்றிப் பின்னால் வரும் வண்டி நடப்பவரைத் திடுக்கிடச் செய்கிறது. பாதை முழுவதையும் அடைத்துப் பேசிச் செல்லும் கூட்டம் சைக்கிளில் வருபவருக்கு இடையூறாகிறது. ஆகவே அங்கே சில ஒழுங்குகள் வற்புறுத்தப்படுகின்றன. சைக்கிளில் வருபவர் மணியடித்து, வேகத்தைக் குறைத்து, நடப்பவருக்கு வழிவிட வேண்டும். நடப்பவரும் பிறர் கடந்து செல்ல இடம் விட வேண்டும். நாயுடன் வருபவர் அதனைத் தம் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். மோதினால் மிகுதியாகக் காயமுறக் கூடியவருக்கே முதல் உரிமை என்பதே இவற்றின் அடிப்படை. இவ்வளவு இருந்தும் நெரிசல் மிக்க இடத்தில் ஒழுங்கு மட்டும் போதுவதில்லை. நகர வீதிகளில் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் வெவ்வேறு தடம் வேண்டும் என்று 2020-இல் இங்கிலாந்து அரசு வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. இடத்துக்கும் கூட்டத்துக்கும் ஏற்பவே பகிர்வு அமைய வேண்டும் என்பது தெளிவு.

இனி, பராமரிப்புச் செலவை ஏற்பவர் யார் என்ற வினா எழும். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள எல்ராய்–ஸ்பார்ட்டா பாதை இதற்கு ஒரு விடை தருகிறது. 1964-இல் கைவிடப்பட்ட இருப்புப்பாதையில் எழுந்த அதன் நீளம் சுமார் 32 மைல். பாற்பண்ணைகள் நிறைந்த நாட்டுப்புறத்தின் ஊடே அது செல்கிறது. அங்கே நடப்பவர் கட்டணமின்றிச் செல்லலாம். சைக்கிளில் செல்லும் 16 வயது நிரம்பியவர்கள் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். வழியில் 3 குகைப் பாதைகள் உள்ளன. நீளமானது ஏறத்தாழ முக்கால் மைல். உள்ளே இருள் சூழ்ந்திருக்கும், நீர் சொட்டும். ஆகையால் அவற்றினுள் சைக்கிளை விட்டிறங்கித் தள்ளிக்கொண்டே செல்ல வேண்டும் என்பது விதி.

பணமும் விதியும் இருந்தால் மட்டும் போதுமோ எனின், போதாது. 2008-இல் பிரிஸ்டல் பாதையின் ஒரு பகுதியில் விரைவுப் பேருந்து விடலாம் என்றொரு திட்டம் எழுந்தது. நாள்தோறும் அதில் சென்று வந்த மக்கள் ஆயிரக்கணக்கில் கையொப்பமிட்டு எதிர்த்தனர், திட்டம் கைவிடப்பட்டது. பாதையைத் தமது உடைமை எனக் கருதிய மக்கள் இருந்தமையால் அது பிழைத்தது.

அங்கத்தினர்களே! பாவு சுமந்து நடப்பவரும், காய்கறி மூட்டையைச் சைக்கிளில் கட்டிச் செல்பவரும் நம் ஊர்களிலும் ஒரே வழியிற்றான் செல்கின்றனர். ஆண்டுதோறும் வரப்பிலிருந்து ஒரு முழம் நகர்ந்தால் அவ்வழி நம் கண்ணெதிரே சுருங்கிவிடும். கணக்குத் தணிக்கைக்குச் செல்லும்போது சங்கத்தின் சொத்துக்கள் பதிவேட்டில் உள்ளவாறே இருக்கின்றனவா என்று நாம் நேரில் பார்ப்பது வழக்கம். அவ்வாறே ஊர் வழியின் அகலத்தைக் கிராம வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறைந்திருப்பின், ஆளுக்கு ஆள் மனக்கசப்புக் கொள்ளாமல், பலர் ஒப்பமிட்டு உரிய அலுவலரிடம் எழுத்து மூலம் தெரிவியுங்கள். வழி இருக்கும்போது அளப்பது ஒரு பொழுது வேலை. மறைந்த பின் மீட்பது பல ஆண்டு வழக்கு.