சோலையின் பரப்பு ஆறு

டீயை ஒரு வாய் குடித்துவிட்டு இதைப் பாருங்கள்: ‘சோலையின் பரப்பு ஆறு (3)’. தஞ்சாவூரில் எங்கள் டீக்கடை பெஞ்சில் இந்தக் குறுக்கெழுத்துக் குறிப்பைப் படித்துக் காட்டியதும் வந்த முதல் கேள்வி, “ஆறு மாவா, ஆறு வேலியாண்ணே?” இருபது மா ஒரு வேலி என்று நிலத்தை அளக்கிற ஊரில் வேறெப்படிக் கேட்பார்கள்!

எல்லோரும் வழுக்குவது இங்கேதான். குறிப்பை வாக்கியமாகப் படித்து, அது என்ன சொல்ல வருகிறது என்று யோசிக்கிறோம். ‘கிரிப்டிக்’ என்கிற இந்தக் குறுக்கெழுத்து வகையில் அந்த வாக்கியம் வெறும் வேஷம். உள்ளே இரண்டு துண்டுகள் ஒட்டுப்போட்டிருக்கும். ஒன்று விடையின் பொருள், மற்றது விடையைக் கட்டும் வழி. பொருள் முதலிலோ கடைசியிலோதான் இருக்கும், நடுவில் வராது. ஆகவே நமக்கு வேலை, தையல் எங்கே என்று தடவிப் பார்ப்பது.

‘ஆறு’ எண்ணாக இல்லாமல் நதியாக இருந்தால்? மிச்சம் ‘சோலையின் பரப்பு’. சோலைக்கு ஓரெழுத்துச் சொல் ‘கா’ என்றார் பெஞ்சிலிருந்த தமிழாசிரியர். ‘பரப்பு’ அளவு இல்லை, களத்தில் நெல்லைப் பரப்பச் சொல்கிற ஏவல் என்று பிடித்தவர் விவசாயி. பரப்பு என்றால் விரி. கா, விரி. கூட்டமாக உட்கார்ந்து போடுவதில் இதுதான் லாபம். ஒரே ஆளிடம் எல்லாச் சொல்லும் இருக்காது.

அடைப்பிலுள்ள 3, எத்தனை எழுத்து என்ற கணக்கு. தமிழில் ஒரு கட்டத்துக்கு ஒரு முழு எழுத்து. ‘கா’வுக்கு ஒரு கட்டம், புள்ளி வைத்த ‘ஞ்’சுக்கும் ஒரு கட்டம், தஞ்சாவூருக்கு ஐந்து. ஏழாம் நூற்றாண்டில் சீர்காழிச் சம்பந்தர் பாடிய திருமாலைமாற்றைக் கடைசியிலிருந்து திருப்பிப் படித்தாலும் அதே பாட்டு வருவது இந்தக் கணக்கில்தான். ஆங்கிலத்தில் 26 எழுத்தை வைத்துக் கலைத்துப்போட்டு ஏய்ப்பது சுலபம். நமக்கு 247. ‘ஞ்’ வந்தாலே பின்னால் பெரும்பாலும் ‘ச’ வரிசைதான் நிற்கும் என்று தெரிந்துவிடும். அந்தச் சங்கடத்தோடுதான் கலிபோர்னியாவிலிருந்து வரும் ‘தென்றல்’ இதழில் வாஞ்சிநாதன் தமிழ்ப் புதிர்களை அமைத்தார். எனக்கு அது ஆங்கிலப் புதிரைவிடப் பெரிய வித்தையாகத் தெரிகிறது.

அடுத்தது: ‘அவர் வசம் பாதி பதுக்கிய நெல் (3)’. எந்தச் சொல்லைப் பாதியாக்குவது என்று ஆசிரியர் வெட்டி வெட்டிப் பார்த்தார். குத்தகைத் தகராறு என்றார் விவசாயி. டீ மாஸ்டர் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர். தாளைத் தூக்கிப் பிடித்து எழுத்தெழுத்தாகக் கூட்டினார்: “வ… ச… ம்… பா…”

“சம்பா!” என்று கத்தினார் விவசாயி.