வெட்டுக்காயப் பூண்டும் ஏழு நாள் கணக்கும்

மூலிகை என்றதும் சாப்டூர்க் காட்டையும் அதற்கு மேலே நிற்கும் சதுரகிரியையும் நினைப்பதே பேரையூர் வட்டாரத்தின் இயல்பு. எனினும் அறுப்பின்போது அரிவாள் பட்டுவிட்டால் உழவர் கை தேடுவது, வரப்பிலும் கிணற்றடியிலும் யாரும் நடாமல் படர்ந்து கிடக்கும் வெட்டுக்காயப் பூண்டின் இலையைத்தான். கிணற்றடிப் பூண்டு என்றும் வழங்கப்படும் இச்செடி, தாவரவியலில் டிரைடாக்ஸ் புரோகம்பென்ஸ் எனப் பெயர் பெற்றது. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து இம்மண்ணில் பரவிய களையாகையால், நாட்டு மருத்துவம் பழஞ்சுவடிகளோடு நின்றுவிடாமல் புதிதாக வந்த செடியையும் பழகிப் பார்த்து ஏற்றுக்கொண்டது என்பதற்கு இதுவே சான்றாகிறது. இதன் புண்ணாற்றும் ஆற்றலை இந்திய ஆய்வாளர்கள் 1980களிலேயே எலிகளில் சோதித்துள்ளனர்.

மூலிகை எப்படி உதவக்கூடும் என்பதை அறிய, காயத்துக்குள் நடப்பதை முதலில் பார்க்க வேண்டும். தோல் கிழிந்தவுடன் அவ்விடத்தில் குவியும் வெள்ளையணுக்கள், உள்ளே நுழைந்த கிருமிகளைக் கொல்வதற்காக ஆக்சிஜனிலிருந்து சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வீரியமிக்க பொருள்களை உண்டாக்குகின்றன. இவை தேவையானவையே. ஆனால் வேலை முடிந்த பின்னும் மிஞ்சி நின்றால், கிருமியென்றும் சொந்தச் செல்லென்றும் பாராமல் செல்லுறையின் கொழுப்பைச் சிதைத்து, புதுத்தோலுக்கு அடிப்படையான கொலாஜன் என்னும் புரத இழையை உருவாக்கும் செல்களையும் தாக்கத் தொடங்குகின்றன. இவற்றை அடக்கி வைக்கும் பொருள்களே ஆன்டிஆக்சிடன்ட் எனப்படும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள். சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் ஆகிய நொதிகளும் சி, ஈ வைட்டமின்களும் உடல் தானே வைத்திருக்கும் காப்புகள். தாவரங்களில் உள்ள ஃபீனால், ஃபிளேவனாய்டு வகைச் சேர்மங்களும் தம் எலெக்ட்ரானைக் கொடுத்து இதே பணியைச் செய்ய வல்லவை.

காயத்திலுள்ள இக்காப்புகளை மூலிகைப் பொருள் கூட்டுவதைத் தெளிவாகக் காட்டிய சோதனை வல்லாரையைப் பற்றியது. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தார் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், வல்லாரையிலிருந்து பிரித்த ஆசியாட்டிகோசைடு என்னும் சேர்மத்தை 0.2 விழுக்காட்டுக் கரைசலாக்கி எலிகளின் காயத்தில் நாள்தோறும் இருமுறை இட்டனர். ஏழாம் நாளில், புதிதாக வளர்ந்த திசுவில் கேட்டலேஸ் 67 விழுக்காடும் வைட்டமின் ஈ 77 விழுக்காடும் கூடியிருந்தன. பதினான்கு நாள் வரை தொடர்ந்து இட்டபோதோ, மருந்திட்ட காயத்துக்கும் இடாத காயத்துக்கும் இவ்வளவுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மருந்தின் இவ்வுதவி தொடக்க நாள்களுக்கே உரியது என்னும் இந்த முடிவுதான், மூலிகை மருந்து விளம்பரங்கள் சொல்லாமல் விடும் பகுதி.

சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், பதனிட்ட தோலுக்குப் பெயர்பெற்றதாயினும், கொலாஜனை நன்கறிந்த இடமாதலால் இத்துறையிலும் முன்னின்றது. அங்கு 1996-இல் வல்லாரைச் சாறும் 2002-இல் கடுக்காய் மர இலையின் சாறும் எலிகளின் காயங்களில் ஆராயப்பட்டன. மஞ்சளின் குர்க்குமின் நீரில் எளிதில் கரையாது என்பதால், அதைக் கொலாஜன் படலத்தில் பொதிந்து காயத்தின்மேல் போர்த்தும் முறையை அந்நிறுவனத்தார் 2004-இல் வெளியிட்டனர். மஞ்சள் காயமாற்றும் என்பதற்கு அமெரிக்கா 1995-இல் காப்புரிமை வழங்கியதும், இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய ஆதாரங்களைக் காட்டி மறுஆய்வு கோரி 1997-இல் அதை நீக்கச் செய்ததும் பலரும் அறிந்த செய்தி. ஆயினும் அந்த வெற்றி உரிமையைப் பற்றியதேயன்றி, எவ்வளவு மஞ்சள், எந்தப் புண்ணுக்கு என்பதைப் பற்றியதன்று.

எலியின் காயம் பெரும்பாலும் சுற்றுத்தோல் சுருங்கி மூடுவது. மனிதக் காயமோ புதுத்திசு வளர்ந்து நிரம்பியே பெரிதும் ஆறுவது. ஆகவே எலியில் கிடைத்த பலனை அப்படியே மனிதருக்கு ஏற்றிச் சொல்ல இயலாது. மேலும் ஆய்வகத்தில் பிரித்து அளந்த சாறு வேறு, வரப்பில் கசக்கிய இலை வேறு. இலையோடு ஒட்டி வரும் மண்ணில் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். வயலில் வெட்டுப்பட்டவர் முதலில் ஓடும் நீரில் சோப்பிட்டுக் காயத்தைக் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று தடுப்பூசி தேவையா எனக் கேட்டறிய வேண்டும். காலில் சர்க்கரைப் புண் உள்ளவர்கள் எந்த இலையையும் அரைத்துக் கட்டாமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.