பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே

சேலத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மிச்சிகனில் வேலை பார்க்கும் அவருடைய மகன் 1966-ஆம் ஆண்டு செவ்ரலே ஷெவெல் ஒன்றை வாங்கி, முன்சக்கரங்களின் டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு, கடையில் கிடைக்கும் டிஸ்க் பிரேக் கிட்டைத் தானே மாட்டியிருக்கிறாராம். "முன்பைவிட ஓங்கி மிதிக்க வேண்டியிருக்கிறது என்கிறான். டிஸ்க் என்றால் சுலபமாக நிற்க வேண்டாமா?" என்று கேட்கிறார். எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நாலு வரியில் பதில் எழுதி அனுப்ப மனம் வரவில்லை.

ஷெவெல் போன்ற அந்தக் காலத்து மசில் கார்கள் எப்படிப் பிறந்தன என்று பலருக்கும் தெரியும். நடுத்தர உடலில் பெரிய காரின் வி8 எஞ்சினை இறக்கினார்கள். 1964-இல் பாண்டியாக் ஜிடிஓ போட்ட பாதை அது. 1966 ஷெவெல் எஸ்எஸ் 396-இல் எஞ்சின் 396 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 6.5 லிட்டர். ஆரம்ப வகையிலேயே 325 குதிரைத்திறன். ஒன்றரை டன்னுக்கு மேல் கனக்கும் அந்த வண்டியை நிறுத்தக் கொடுத்தது ஒன்பதரை அங்குல டிரம் நான்கு. மிதித்ததும் பிரேக் ஆயிலைக் குழாய்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். இரண்டு அறை மாஸ்டர் சிலிண்டரும், கேட்டு வாங்கினால் முன்பக்க டிஸ்க்கும் 1967 மாடலில்தான் வந்தன. ஜாகுவார் டிஸ்க் பிரேக்கோடு லெமான் பந்தயத்தை வென்றது 1953-இல். செய்யத் தெரியாமல் விட்டதல்ல இது. வேகத்தைக் காட்டி வண்டியை விற்க முடிந்தது, நிற்பதைக் காட்டி விற்க முடியவில்லை.

ஆனாலும் டிரம்மை மட்டம் தட்ட மாட்டேன். எங்கள் ஊர்த் தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுகிறவர்களைச் சிறுவயதில் வாய்பிளந்து பார்த்திருக்கிறேன். கட்டையைச் சக்கரத்தடியில் கொடுப்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. அதை இறுக்குவது தேர்தான். உருண்டு வரும் சக்கரமே கட்டைமேல் ஏறி அழுத்தித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். டிரம்முக்குள் நடப்பதும் இதுதான். உள்ளிருந்து விரிந்து அழுத்தும் ஷூ தொட்டவுடன் சுழலும் டிரம் அதைத் தன்னோடு இழுக்கப் பார்க்கிறது. இழுபட்ட ஷூ மேலும் இறுகுகிறது, இறுகி அடுத்த ஷூவையும் தள்ளுகிறது. கால் கொடுத்த பலத்தைச் சக்கரமே பெருக்கிக் கொடுக்கிறது.

சிக்கல் சூட்டில் வருகிறது. சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகிப் போகும். பெடல் கீழே கீழே இறங்கும். டிஸ்க் விரிந்தாலும் அதைப் பிடிக்கும் பேடை நோக்கித்தான் தடிக்கும், அதோடு காற்றில் திறந்தே கிடப்பதால் சீக்கிரம் ஆறும். ஆனால் பேடு இரண்டு பக்கமும் நேராக அமுக்குகிறதே தவிர, சுழற்சி அதற்கு ஒரு உதவியும் செய்வதில்லை. முழு அழுத்தமும் காலிலிருந்தோ, மிதியின் பலத்தைக் கூட்டும் பூஸ்டரிலிருந்தோ வந்தாக வேண்டும்.

வாசகரின் மகனுடைய பிரச்சினை இங்கேதான் என்று நினைக்கிறேன். கணக்கைப் பாருங்கள். கால் 100 பவுண்டு விசை கொடுக்கிறது. பூஸ்டர் இல்லாத வண்டியில் பெடல் அதை ஏறக்குறைய 6 மடங்காக்கும்: 600 பவுண்டு. மாஸ்டர் சிலிண்டரின் துளை 1 அங்குலம் என்றால் பரப்பு 0.785 சதுர அங்குலம். அழுத்தம் சுமார் 760 பிஎஸ்ஐ. கிட்டோடு வந்தது 1⅛ அங்குலச் சிலிண்டர் என்றால் அதே மிதிக்கு 600-தான். பெரிய சிலிண்டர் பெரிய பலம் தரும் என்று தோன்றும், நடப்பது நேர்மாறு. இன்னொன்று: பெரும்பாலான ஷெவெல் பெடல்களில் தள்ளுகம்பியை மாட்ட இரண்டு துளைகள் இருக்கும். மேலே உள்ளது பூஸ்டர் இல்லாத வண்டிக்கு, கீழே உள்ளது பூஸ்டருக்கு. பூஸ்டர் வைக்காமல் கீழ்த்துளையில் மாட்டினால் பெடல் பெருக்குவது 4 மடங்குதான். அந்த 1⅛ அங்குலச் சிலிண்டரோடு அழுத்தம் 400-க்கு விழுந்துவிடும். டார்ச் அடித்து டாஷ்போர்டுக்கு அடியில் ஒருமுறை பார்த்தால் தெரிந்துவிடும்.

பூஸ்டர் இருந்தாலும் அது எஞ்சின் இழுக்கும் வெற்றிடத்தை நம்பித்தான் வேலை செய்கிறது. 18 அங்குலப் பாதரச அளவு இருந்தால் நிம்மதி. சத்தத்துக்காகவும் வேகத்துக்காகவும் முரட்டு கேம்ஷாஃப்ட் மாற்றிய எஞ்சினில் ஐடிலில் அந்த வெற்றிடம் சரிந்துவிடும். எஞ்சினைத் தூண்டிவிட்ட அதே கை பிரேக்கைப் பலவீனமாக்கிவிடுகிறது.

இதையெல்லாம்விட எனக்குப் பிரியமானது, மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே குழாய்கள் வந்து சேரும் உள்ளங்கையளவு பித்தளைக் கட்டி. காம்பினேஷன் வால்வு. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்ற இரண்டு சுபாவத்தையும் சேர்த்து வைப்பது இதுதான். டிஸ்க்கின் பேடு எப்போதும் ஒட்டியே நிற்கும், லேசாக மிதித்தாலே பிடிக்கும். பின்பக்க ஷூவோ ஸ்பிரிங்கை மீறித்தான் அசைய வேண்டும். அதற்குள் முன்சக்கரம் தனியாகப் பிடித்தால் ஈரச்சாலையில் ஸ்டியரிங் கைக்கு வராது. ஆகவே பின்பக்கம் தயாராகும்வரை முன்பக்கத்துக்குப் போகும் ஆயிலை இந்த வால்வு நிறுத்தி வைக்கிறது. ஓங்கி மிதிக்கும்போது வேலை தலைகீழ். வண்டி முன்னால் குனிந்து பின்பக்கம் பாரம் குறையும். இப்போது பின்பக்க அழுத்தம் முன்பக்கத்துக்குச் சமமாக ஏறாதபடி அடக்குகிறது. இல்லாவிட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். நடுவில் ஒரு குட்டி பிஸ்டன்; ஒரு பக்கம் ஆயில் கசிந்தால் அது நகர்ந்து எச்சரிக்கை விளக்கை எரிய வைக்கும். பலவற்றில் நுனியில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். ஒருவர் பெடலை மெதுவாக மிதிக்க, நீங்கள் அந்த மூடிமேல் விரல் வைத்தால், உள்ளே கம்பி அசைவது விரலுக்குத் தெரியும்.

துளையிட்ட டிஸ்க்குக்கும் பேடுகளைத் தாங்கும் சிவப்பு வண்ணக் காலிப்பருக்கும் பணத்தைக் கொட்டுகிறவர்கள் இந்தக் கட்டியைக் கண்டுகொள்வதில்லை. டிரம் வண்டியின் பழைய இணைப்பையே வைத்து ஓட்டுகிறார்கள். உள்ளே உப்பி அடைத்துப்போன பழைய ரப்பர் ஹோஸையும் மாற்றுவதில்லை. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். எத்தனை விலையுள்ள டிஸ்க் ஆனாலும், ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும். வெளியே தெரியும் பாகத்துக்கு மட்டும் மரியாதை செய்கிற இந்தப் பழக்கம் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. வண்டியில் ஏறி உட்காருவது பெரும்பாலும் குடும்பம்தானே.

மாட்டி முடித்ததும் பார்க்க வேண்டியது ஒன்று: காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிள் உச்சியில் இருக்கிறதா? இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் பல வண்டிகளில் தடையில்லாமல் மாட்டலாம். அப்படி மாறினால் நிப்பிள் அடிக்குப் போகும், காற்று மேலேயே தங்கும். எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சு மாதிரியே இருக்கும்.

பிறகு ஆளில்லாத, காய்ந்த திடலில் குறைந்த வேகத்திலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஓங்கி மிதித்துப் பார்க்க வேண்டும். வெளியே நின்று சக்கரத்தைக் கவனிக்க இன்னொருவர் வேண்டும். முன்சக்கரம் முதலில் பூட்டினால் சரி. பின்சக்கரம் முந்திக்கொண்டால், திருகி மாற்றக்கூடிய வால்வு வைத்திருப்பவர்கள் பின்பக்க அழுத்தம் குறையும் பக்கமாகக் கால் சுற்று திருப்பிவிட்டு, அதே வேகத்தில் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும்.