படகு என்ஜினில் வெப்ப சென்சார் மாற்றும் முறை



மளிகைக் கடைக்கும் படகு என்ஜினுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். கடற்கரை ஊர்களில் கடை வைத்திருப்போர் கேட்கமாட்டார்கள். படகு கடலுக்குப் போய் வந்தால்தான் அரிசி, பருப்புக் கடன் நம் பேரேட்டில் வரவாகிறது. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிறகு பைபர் படகுகள் பெருகின. நம்மில் சிலர் அவற்றில் பங்கும் போட்டிருக்கிறோம்.

நாமும் அப்படி ஒரு படகில் பங்கு வைத்திருந்தோம். அதன் பழைய அவுட்போர்டு என்ஜினில் சூட்டு பஸ்ஸர் அடிக்கடி ஒலித்தது. "சென்சார் கெட்டுவிட்டது, சும்மா கத்துகிறது" என்று சொல்லி மெக்கானிக் வயரைக் கழற்றிவிட்டார். நாமும் செலவு மிச்சம் என்று பேசாமல் இருந்தோம். பத்தாம் நாள் நடுக்கடலில் பிஸ்டன் இறுகி என்ஜின் நின்றது. நான்கு பேர் இரவு முழுவதும் கடலில் மிதந்தார்கள். விடிந்த பிறகு வேறொரு படகு கட்டி இழுத்து வந்தது. பிரித்துப் பார்த்தால் சென்சார் நன்றாகவே இருந்தது, தேய்ந்தது இம்பெல்லர்.

இந்த என்ஜினுக்கு ரேடியேட்டர் கிடையாது. கீழே உள்ள ரப்பர் இம்பெல்லர் கடல்நீரை இழுத்துச் சிலிண்டரைச் சுற்றி ஓடவிடுகிறது. வெளியே பீச்சும் சிறு தாரை அதற்கு அடையாளம். சிலிண்டரின் மேல்பகுதியில் உள்ள சென்சார், சூடு மிஞ்சினால் பஸ்ஸரை ஒலிக்கச் செய்யும். சிறிய என்ஜின்கள் பலவற்றில் இந்த வசதி இருப்பதில்லை.

எடை குறைந்தால் சரக்கைக் குறை சொல்லுமுன் முத்திரைக் கல் வைத்துத் தராசைப் பார்க்கிறோம் அல்லவா? இங்கும் அதே முறைதான். முதலில் தாரையைப் பாருங்கள். மெலிந்திருந்தால் இம்பெல்லர், உப்பு அடைப்பு, தெர்மோஸ்டாட் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். சில என்ஜின்களில் ஆயில் குறைந்தாலும் அதே பஸ்ஸர் ஒலிக்கும். வயர் உராய்ந்து என்ஜின் உடம்பில் பட்டாலும் ஒலிக்கலாம்.

இவை சரியாக இருந்தால் சென்சாரைக் கழற்றி, அதன் முனையைப் பாத்திரத்து நீரில் தொங்கவிட்டு மெல்லச் சூடேற்றி, மல்டி மீட்டரில் பாருங்கள். ஸ்விட்ச் வகையானால் குறித்த சூட்டில் இணைப்பு உண்டாகி, ஆறியதும் விட்டுவிடும். மற்ற வகையில் சூடு ஏற ஏற ஓம் அளவு குறையும். என்ஜின் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒத்துவராவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

மாற்றும்போது என்ஜின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரி இருந்தால் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். என்ஜின் மாடலைச் சொல்லி அதற்குரிய சென்சாரையே வாங்குங்கள். பழையதை எடுத்ததும் குழியில் உள்ள உப்பையும் துருவையும் சுத்தம் செய்யுங்கள். ஒற்றை வயர் சென்சாருக்கு என்ஜின் உடம்பே எர்த். ஆகவே மரையில் டேப் சுற்றக் கூடாது. அலுமினிய மரை மென்மையானது. கையால் திருகி, ஸ்பானரால் அளவாக இறுக்கினால் போதும். பின் தண்ணீர் டிரம்மில் என்ஜினை ஓட்டித் தாரையைப் பார்த்த பிறகே கடலுக்கு அனுப்ப வேண்டும்.

என்ஜின் விலையோடு ஒப்பிட்டால் சென்சார் விலை சில்லறைக் காசு. அந்தச் சில்லறையை மிச்சம் பிடிக்கப் போய், நால்வரின் வீட்டார் ஓர் இரவு முழுவதும் கரையில் நிற்கும்படி செய்தோம். படகுக்குக் கடன் கொடுக்கும் அன்பர்கள், பஸ்ஸர் வயர் இணைப்பில் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.